ஒளியின் அளவறிந்த கலாயோகி

கலையைப் பற்றிப் பேசுவோர் பலர். ஒரு கலைப்பொருள் எந்த மண்ணிலிருந்து, எந்தக் கையால், எவ்வாறு உருவாகிறது என்று அடியிலிருந்து ஆராய்ந்தவர் சிலரே. அச்சிலருள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் கலாயோகி ஆனந்தக் குமாரசுவாமி ஆவார். நடராசப் பெருமானின் திருக்கூத்துக்குப் பொருள் கூறி உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தவர் என்ற அளவில் நம்மில் பெரும்பாலோர் அவரை அறிவோம். அவர் முதலில் ஒரு நிலவியல் அறிஞர் என்பதும், ஒளிப்படக் கலைக்கு அமெரிக்காவின் பெரிய அருங்காட்சியகம் ஒன்றின் கதவைத் திறந்துவிட்டவர் என்பதும் அத்துணைப் பரவலாக அறியப்படவில்லை.

வேதியியல் பயிற்றும் எனக்கு அவர்மீது ஈடுபாடு பிறந்தது இந்தப் பிற்செய்தியால்தான். அவருடைய முயற்சியால் அந்த அருங்காட்சியகத்துக்கு வந்த படங்களுள் பிளாட்டினத்தாலும் பல்லேடியத்தாலும் அச்சிடப்பட்டவை இருந்தன. அவ்வகை அச்சின் வேதியியல் முழுவதும் ஒரு கேள்வியைச் சுற்றியே அமைந்தது. வெண்மைக்கும் கருமைக்கும் இடையே எவ்வளவு வேறுபாடு வைப்பது? இடைப்பட்ட நிறங்களை எப்படிக் காப்பாற்றுவது? ஒளிப்படக்காரர்கள் இதைக் 'கான்ட்ராஸ்ட்' என்பார்கள். குமாரசுவாமியின் வாழ்க்கையைப் படிக்கும்தோறும், அவரும் இதே கேள்வியோடுதான் வாழ்ந்தார் என்று எனக்குத் தோன்றும்.

இரு கரைகளுக்கு நடுவே

ஆனந்தக் குமாரசுவாமி 1877-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22-ஆம் நாள் கொழும்பில் பிறந்தார். தந்தையார் சர் முத்துக் குமாரசுவாமி, யாழ்ப்பாணத் தமிழ் மரபில் வந்தவர்; இங்கிலாந்தில் பாரிஸ்டர் பட்டம் பெற்றவர்; இலங்கைச் சட்டசபை உறுப்பினராக விளங்கியவர்; அரிச்சந்திரன் கதையை ஆங்கிலத்தில் ஆக்கித் தந்தவர். சர் பொன்னம்பலம் இராமநாதனும் சர் பொன்னம்பலம் அருணாசலமும் ஆனந்தருக்கு அத்தை மக்கள். தாயார் எலிசபெத், இங்கிலாந்தின் கென்ட் பகுதியைச் சேர்ந்தவர்.

குழந்தைக்கு இரண்டு வயது நிரம்புமுன் தந்தையார் 1879-இல் மறைந்தார். தாயின் அரவணைப்பில் ஆனந்தர் இங்கிலாந்திலேயே வளர்ந்தார். தமிழ்க் குருதி ஒருபுறம், ஆங்கில வளர்ப்பு ஒருபுறம். இத்தகைய நிலையில் பிறந்தவர்கள் ஏதேனும் ஒரு கரையில் ஒதுங்கிவிடுவது எளிது. அவர் அப்படிச் செய்யவில்லை. இரு கரைகளையும் அறிந்து, இரண்டுக்கும் நடுவே ஓடும் ஆற்றைப் பற்றிப் பேசினார்.

இலண்டன் பல்கலைக் கல்லூரியில் நிலவியலும் தாவரவியலும் பயின்று 1900-இல் முதல் வகுப்பில் தேறினார். பின்னர் இலங்கை சென்று கனிம ஆய்வுத்துறையின் இயக்குநராக 1903 முதல் 1906 வரை பணியாற்றினார். அக்காலத்தில், 1904-இல், தோரியனைட் என்னும் புதிய கனிமத்தைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தார். தோரியமும் யுரேனியமும் கலந்த அக்கனிமம், கதிரியக்க ஆராய்ச்சி வேகம் பிடித்திருந்த அந்நாளில் அறிவியலாரின் கவனத்தை ஈர்த்தது. 1906-இல் இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு அறிவியல் முனைவர் பட்டம் வழங்கியது. அவ்வழியிலேயே சென்றிருந்தால் புகழ்பெற்ற கனிமவியலாராக அவர் முடிந்திருப்பார்.

கல்லைத் தேடியவர் கைவினையைக் கண்டார்

கனிமம் தேடி ஊர் ஊராகச் சென்றவர் கண்ணில் வேறொன்று பட்டது. தச்சரும் கன்னாரும் ஓவியரும் நெசவாளரும் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த தொழில்கள் அழிந்துகொண்டிருந்தன. ஆலைப் பொருள் மலிவாக வந்து குவிய, கைத்தொழிலாளி கூலிக்காரனாக மாறிக்கொண்டிருந்தான். தன் நாட்டுடையையும் மொழியையும் தொழிலையும் இழிவாக எண்ணும் படித்த கூட்டம் ஒன்றும் வளர்ந்துகொண்டிருந்தது. இவை அவரை வருத்தின. கனிமங்களைக் குறித்துக்கொண்ட அதே கவனத்தோடு கைவினைகளையும் குறித்துக்கொள்ளத் தொடங்கினார். அப்பயணங்களில் ஒளிப்படம் எடுத்துத் துணைநின்றவர் அவருடைய மனைவியார் எத்தல். பின்னாளில் இவ்வம்மையார் இங்கிலாந்தில் கைத்தறி நெசவுக்குப் பெயர் பெற்றார்.

இவ்வுழைப்பின் பயன் 1908-இல் வெளிவந்த இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல். அதனை அவர் எந்த அச்சகத்திலும் கொடுத்து அச்சிடவில்லை. வில்லியம் மாரிஸ் பயன்படுத்திய கையச்சுப்பொறியைப் பெற்று, பிராட் கேம்ப்டன் என்னும் சிற்றூரில் இருந்த தம் வீட்டிலேயே வைத்து அச்சிடச் செய்தார். மொத்தம் 425 படிகள். ஒரு நூலை எழுதுவது மட்டுமன்று, தாளும் மையும் எழுத்தும் சேர்ந்து நன்றாக அமைவதும் நூலாசிரியனின் பொறுப்பே என்பது அவர் கொள்கை. கலைஞன் என்று ஒரு தனிச்சாதி இல்லை. எந்த வேலையானாலும் அதன் பயனறிந்து செம்மையாகச் செய்பவன் கலைஞனே என்னும் கருத்தை அவர் கடைசிவரை வலியுறுத்தி வந்தார்.

கூத்தன் பெருமையைக் கூறியவர்

1910-இல் இலண்டனில் இந்தியக் கலைக்கென ஒரு கழகம் தொடங்கப்பட்டபோது அதனைத் தோற்றுவித்தவருள் அவரும் ஒருவர். பின்னர் இந்தியா முழுவதும் சுற்றி ஓவியங்களையும் சிற்பங்களையும் திரட்டினார். மொகலாய ஓவியத்தினின்றும் வேறுபட்ட இராசபுத்திர ஓவிய மரபு ஒன்று உண்டு என்று பிரித்துக்காட்டி, 1916-இல் அதைப் பற்றிப் பெரிய நூலொன்றை வெளியிட்டார்.

சிவபெருமானின் ஆடலைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற கட்டுரை 1912-இல் சென்னையிலிருந்து வந்த சித்தாந்த தீபிகை இதழில் வெளியாயிற்று. அக்கட்டுரையையும் சேர்த்துப் பதினான்கு கட்டுரைகள் கொண்ட தொகுப்பு 1918-இல் நியூயார்க்கில் நூலாக வந்தது. படைத்தலும் காத்தலும் அழித்தலும் மறைத்தலும் அருளலும் ஆகிய ஐந்தொழிலும் ஓர் ஆடலுக்குள் அடங்கியிருப்பதைச் சைவ சித்தாந்த நூல்களின் துணைகொண்டு அவர் விளக்கிய பிறகே, மேலைநாட்டுக் கலைஞர்கள் நம் செப்புத் திருமேனிகளை வியப்புப் பொருளாக மட்டுமன்றிக் கலைப்பொருளாகவும் காணத் தொடங்கினர்.

இங்கே ஒரு செய்தி நினைக்கத்தக்கது. பிரெஞ்சு நாட்டுச் சிற்பி ரோதின் நடராசத் திருமேனியைப் பற்றி 1913-இல் உணர்ச்சி ததும்ப எழுதினார். அக்கட்டுரை, குமாரசுவாமி முதலியோரின் கட்டுரைகளோடு சேர்ந்து, ரோதின் மறைந்தபின் 1921-இல் பாரிசில் வெளிவந்தது. ரோதின் சென்னைக்கு வந்தவரல்லர். சென்னை அருங்காட்சியகத்துத் திருமேனியை அவர் கண்டது ஒளிப்படங்களில்தான். தோளின் வளைவில் ஒளி எப்படி வழிகிறது, இடையின் ஓரத்தில் நிழல் எங்கே தொடங்குகிறது என்பவற்றை ஒரு தாளில் பார்த்தே அவர் உணர்ந்தார். அந்தப் படங்களில் நடுநிறங்கள் மட்டும் செத்திருந்தால் அவர் கண்டிருப்பது ஒரு கரிய உருவத்தின் எல்லைக்கோட்டை மட்டுமே. ஒரு படத்தின் ஒளிநிழல் அளவு, ஒரு பண்பாட்டைப் பற்றிய மதிப்பீட்டையே மாற்றக்கூடியது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

பாஸ்டன் நகருக்கு

தாம் திரட்டிய கலைச்செல்வம் இந்தியாவிலேயே இருக்கவேண்டும் என்பது குமாரசுவாமியின் விருப்பம். காசியில் ஒரு தேசிய அருங்காட்சியகம் அமைத்தால் அத்தனையையும் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். அதற்கு வேண்டிய பொருள் திரளவில்லை. அதற்குள் முதல் உலகப்போர் வந்தது. அடிமைப்பட்டிருக்கும் இந்தியர் ஆங்கிலப் பேரரசுக்காகப் போரிடலாகாது என்ற கருத்துடைய அவருக்கு இங்கிலாந்தில் இருப்பு கடினமாயிற்று. 1917-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர நுண்கலை அருங்காட்சியகம் அவரை இந்தியக் கலைப்பிரிவின் காப்பாளராக ஏற்றது. டென்மன் ராஸ் என்னும் புரவலரின் துணையால் அவர் சேர்த்த பொருள்களும் அங்கேயே சென்று சேர்ந்தன. நம் நாடு இழந்ததை எண்ணி வருந்தாமல் இருக்க இயலாது. அதே சமயம், அங்கே அவை காக்கப்பட்டன, பட்டியலிடப்பட்டன, படிக்கப்பட்டன. முப்பதாண்டுக் காலம், தாம் மறையும்வரை, அவர் அங்கே பணியாற்றினார்.

பாஸ்டனிலிருந்து நியூயார்க் செல்லும்போதெல்லாம் அவர் பழகிய கலைஞர்களுள் ஒருவர் ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ். ஒளிப்படமும் ஓவியத்துக்கு ஒப்பான கலையே என்று வாழ்நாள் முழுவதும் வாதாடியவர் இவர். கேமரா என்பது ஒரு பொறி, பொறி செய்வது படி மட்டுமே, அதில் கலை எங்கே வந்தது என்று கேட்டவர்கள் அந்நாளில் மிகுதி. பெரிய அருங்காட்சியகங்கள் ஒளிப்படத்தைக் கலைப்பொருளாகச் சேர்ப்பதில்லை. வேறு கலைப்பொருள்களைப் பற்றிய குறிப்பாகவே வைத்திருந்தன.

இந்நிலையில் குமாரசுவாமி ஸ்டீக்லிட்சை அணுகி அவருடைய படங்களைப் பாஸ்டன் அருங்காட்சியகத்துக்குக் கேட்டார். ஒளிப்படம் அவருடைய பிரிவுக்கு உட்பட்டதன்று. இந்தியக் கலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆயினும் அவர் முயன்றார். 1924-இல் ஸ்டீக்லிட்ஸ் தம் கையால் தேர்ந்த 27 படங்களை அன்பளிப்பாக வழங்கினார். அருங்காட்சியகம் அவற்றை ஏற்றது. அமெரிக்காவில் ஒளிப்படம் கலைக்கூடத்தின் நிலையான சேர்ப்பில் இடம்பெற்ற முன்னோடி நிகழ்ச்சிகளுள் இது தலையாயது.

ஆலைத்தொழில் கைவினையைக் கொன்றது என்று கண்ணீர் விட்ட ஒருவர், பொறியால் எடுக்கப்பட்ட படத்துக்காக ஏன் பரிந்து பேசினார்? இதில் முரண்பாடு இருப்பதுபோல் தோன்றும். அந்தப் படங்கள் எப்படி அச்சிடப்பட்டன என்பதைத் தெரிந்துகொண்டால் முரண்பாடு நீங்கும் என்பது என் துணிபு.

பிளாட்டினம் செய்யும் மாயம்

நாம் பழகிய கருப்பு வெள்ளைப் படத்தில் கருமையைத் தருவது வெள்ளி. அது ஜெலட்டின் என்னும் பசையில் கலந்து தாளின்மேல் ஒரு படலமாக இருக்கும். கந்தகம் கலந்த காற்றுப் பட்டால் வெள்ளி நிறம் மாறும். நம் வீடுகளில் மாட்டியிருக்கும் தாத்தா பாட்டி படங்கள் மஞ்சளித்து மங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்கு மாற்றாக வில்லியம் வில்லிஸ் என்னும் ஆங்கிலேயர் 1873-இல் பிளாட்டினத்தால் படம் அச்சிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இதன் அடிப்படை எளியது. ஃபெர்ரிக் ஆக்சலேட் என்னும் இரும்பு உப்பையும், பிளாட்டின உப்பு ஒன்றையும் கலந்து தாளில் பூசி உலர்த்துவர். நெகடிவை அதன்மேல் வைத்துச் சூரிய ஒளியில் காட்டுவர். ஒளிபட்ட இடத்தில் ஃபெர்ரிக் இரும்பு ஃபெர்ரஸ் இரும்பாக மாறும். பிறகு பொட்டாசியம் ஆக்சலேட் கரைசலில் தாளை நனைத்ததும், அந்த ஃபெர்ரஸ் இரும்பு தன் அருகில் இருக்கும் பிளாட்டின உப்பை உலோகமாக ஒடுக்கிவிடும். கண்ணெதிரே கண்ணிமைக்கும் நேரத்தில் படம் எழும். எஞ்சிய இரும்பை மெல்லிய ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் கழுவி நீக்கிவிட்டால், தாளின் நார்களுக்குள் தூய பிளாட்டினம் மட்டும் தங்கும். படலம் இல்லை, பளபளப்பு இல்லை. தாள் இருக்குமளவும் படம் இருக்கும்.

போர்க்காலத்தில் பிளாட்டினம் கிடைப்பது அரிதாயிற்று. வெடிமருந்துக்கு வேண்டிய அமிலங்களைச் செய்யும் ஆலைகளுக்கு அது வினையூக்கியாகத் தேவைப்பட்டது. அந்நாளில் உலகுக்கு அதைப் பெரிதும் தந்துவந்த உருசியாவும் போரில் சிக்கியிருந்தது. அப்போது வில்லிசின் நிறுவனம் அதே குடும்பத்தைச் சேர்ந்த பல்லேடியத்தைக் கொண்டு தாள் செய்து விற்றது. ஸ்டீக்லிட்ஸ் அந்தத் தாளையும் பயன்படுத்தினார். பிளாட்டினம் சற்றுக் குளிர்ந்த சாம்பல் நிறம் தரும். பல்லேடியம் பழுப்புக் கலந்த வெதுவெதுப்பான நிறம் தரும். பிளாட்டினத்தைத் தீண்டாத ஹைட்ரோகுளோரிக் அமிலம் பல்லேடியத்தை மெல்ல அரித்துவிடும். ஆகவே பல்லேடியப் படத்தைச் சிட்ரிக் அமிலம் போன்ற மென்மையான ஒன்றால் கழுவுவது நலம்.

கான்ட்ராஸ்ட் என்னும் கடிவாளம்

இம்முறையின் பெருஞ்சிறப்பு நடுநிறங்கள். வெள்ளித் தாள் நான்கு படியில் ஏறும் இடத்தில் இது பத்துப் படியில் ஏறும் எனலாம். ஆனால் அச்சிறப்பே இதன் சிக்கலும் ஆகும். படிகள் மிகுதியாக இருப்பதால், சாதாரண நெகடிவை வைத்து அச்சிட்டால் படம் சாம்பல் பூத்ததுபோல் எழுச்சியின்றிப் போகும். ஆகவே இதற்கென்றே வேறுபாடு மிகுந்த நெகடிவ் வேண்டும். அப்படிக் கிடைக்காதபோது வேதியியலின் துணையை நாடவேண்டும்.

வழிகள் பல. பூச்சுக் கரைசலில் பொட்டாசியம் குளோரேட் சில துளிகள் சேர்ப்பது ஒன்று. கழுவியெடுக்கும் ஆக்சலேட் கரைசலில் பொட்டாசியம் டைகுரோமேட் மிகச் சிறிது சேர்ப்பது மற்றொன்று. இரண்டும் ஆக்சிஜனேற்றிகள். ஒளி சிறிதளவே பட்ட இடங்களில் தோன்றிய கொஞ்ச ஃபெர்ரஸ் இரும்பை இவை மீண்டும் ஃபெர்ரிக் ஆக்கிவிடும். அவ்விடத்தில் உலோகம் படியாது. வெண்மை வெண்மையாகவே நிற்கும். ஒளி மிகுதியாகப் பட்ட இடத்தில் இரும்பு நிறைய இருப்பதால் இந்த இழப்பு அங்கே தெரியாது. அதனால் வெண்மையும் கருமையும் விலகி நிற்கும். சேர்ப்பது அளவு மீறினால் படம் மணல் தூவியதுபோல் பொரிந்துவிடும், நடுநிறங்களும் அழிந்துபோகும். டைகுரோமேட் நச்சுப்பொருள் என்பதால் கையுறையின்றி அதைத் தொடலாகாது என்பதையும் மாணவர்க்குச் சொல்லிவைக்கிறேன்.

கரைசலைச் சூடாக்கினால் நிறம் வெதுவெதுப்பாகி வேறுபாடு சற்றுத் தணியும். பிளாட்டினத்தையும் பல்லேடியத்தையும் கலக்கும் விகிதம் ஒரு கருவி. தாளில் உள்ள ஈரப்பதம் இன்னொரு கருவி; மார்கழி விடியலில் வரும் படமும் சித்திரை நண்பகலில் வரும் படமும் ஒன்றாக இரா. 1960-களில் அமெரிக்க ஒளிப்படக்காரர் இர்விங் பென் இம்முறையை மீட்டெடுத்தபோது, ஒரே தாளை உலோகத் தகட்டில் ஒட்டிப் பலமுறை பூசிப் பலமுறை அச்சிட்டுத் தாம் வேண்டிய ஆழத்தைப் பெற்றார். இன்று கணிப்பொறியில் நெகடிவைத் திருத்தி ஒளிபுகும் தாளில் அச்சிட்டுக்கொள்ள முடிகிறது. ஆயினும் எவ்வளவு போதும் என்று நிறுத்தும் அறிவை எந்தப் பொறியும் தருவதில்லை.

இவ்வளவும் கண்டபின் முன்னர்க் கேட்ட கேள்விக்கு விடை தெளிவாகிறது. ஸ்டீக்லிட்ஸ் பயன்படுத்தியது கடையில் விற்ற தாளே. ஆனால் நல்ல படம் ஒன்று வரும்வரை அதே நெகடிவை மீண்டும் மீண்டும் அச்சிட்டுப் பார்ப்பதும், நூலிழை வேறுபாட்டுக்காக ஒரு படத்தை ஒதுக்குவதும் அவர் வழக்கம். தன் பொருளின் குணமறிந்து அதற்கேற்பக் கையை அடக்குவதுதானே கைவினை? கன்னான் உலையின் சிவப்பை அறிவதும், அச்சிடுபவன் சாம்பலின் படிகளை அறிவதும் ஒரே அறிவு. கண்டியின் கைவினைஞர்களைப் போற்றிய கண்ணே பாஸ்டனில் அந்தப் படங்களையும் போற்றியது என்று கொள்ளலாம்.

சீயமங்கலத்துத் தூணில்

குமாரசுவாமி விளக்கிய கூத்தனுக்கு மிகப் பழைய வடிவங்களுள் ஒன்று என் சொந்த ஊரில் இருக்கிறது. செஞ்சிக் கோட்டைக்கு வடக்கே, தேசூருக்கு அருகிலுள்ள சீயமங்கலம் அது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் அங்கே பாறையைக் குடைந்து அவனிபாசன பல்லவேசுவரம் என்னும் குடைவரையைச் செய்வித்தான். லளிதாங்குரன் என்னும் அவனுடைய பட்டப்பெயர் அங்குள்ள கல்வெட்டில் உள்ளது. ஊரார் இறைவனைத் தூணாண்டார் என்பர். அக்குடைவரைத் தூண் ஒன்றின் மேற்பகுதியில் ஆடும் சிவனின் சிறிய புடைப்புருவம் உள்ளது. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளில் காணும் திருவாசி இதில் இல்லை. பெருமிதமான அளவும் இல்லை. விவரமறியாதவர் அண்ணாந்து பார்க்காமலே கடந்துவிடுவர்.

முன்னே பிற்கால மண்டபங்கள் எழுந்துவிட்டதால் அங்கே வெளிச்சம் குறைவு. புடைப்பும் ஆழமற்றது. கைப்பேசியில் மின்னொளி போட்டு எடுத்தால், நேர்முகமாக அடிக்கும் வெளிச்சத்தில் உருவமும் சுவரும் ஒன்றாகிவிடும். சுற்றுலா வந்தோர் எடுத்த படங்கள் பலவற்றில் ஆடும் கால் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளே அதனைத் தேய்ந்துபோன கல் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். கல் தேயவில்லை, அதைப் பார்க்கும் ஒளிதான் தவறாக இருந்தது.

உரியவர்களிடம் இசைவு பெற்று, வெளித்தரையில் பட்டு உள்ளே திரும்பும் காலை வெளிச்சத்தில் அதைப் படமெடுத்து, பல்லேடியத்தில் மூன்று அச்சுகள் போட்டேன். ஆக்சிஜனேற்றி எதுவும் சேர்க்காத முதல் அச்சில் கல்லின் மென்மை முழுவதும் வந்தது; ஆனால் இறைவன் பாறைக்குள்ளேயே உறங்குவதுபோல் இருந்தது. டைகுரோமேட் தாராளமாகச் சேர்த்த மூன்றாவது அச்சில் தூக்கிய காலும் வீசிய கையும் கத்திமுனைபோல் தெரிந்தன. முகம் காணாமற் போயிற்று. இடைப்பட்ட அளவில் செய்த இரண்டாவது அச்சில்தான் காலின் அசைவும் முகத்தின் அமைதியும் ஒருங்கே நின்றன. அதை வகுப்பில் காட்டியபோது, முன்னர்த் தேய்ந்த கல் என்று சொன்ன எங்கள் ஊர் மாணவர் ஒருவர் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த விடுமுறையில் அவரே தம் தோழர்களைக் குடைவரைக்கு அழைத்துச் சென்று, எந்த நாழிகையில் எந்தப் பக்கம் நின்று பார்க்கவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்.

கூர்மையாக்குவது எளிது. எல்லாவற்றையும் கருப்பு என்றும் வெள்ளை என்றும் பிரித்துவிட்டால் பார்ப்பவர் கண்ணை உடனே கவர்ந்துவிடலாம். ஆனால் அப்படிக் கவர்ந்த படத்தில் முகம் இருக்காது. குமாரசுவாமியின் எழுத்துகளைப் படிப்பவர்க்கு இஃது எளிதில் விளங்கும். கீழைநாடு அனைத்தும் ஒளி, மேலைநாடு அனைத்தும் இருள் என்று எழுதியிருந்தால் அவருக்கு நம்மிடையே கைதட்டல் மிகுந்திருக்கும். அவர் தம் பிற்கால நூல்களில் சைவ ஆகமத்தையும் உபநிடதத்தையும் பிளாட்டோவையும் இடைக்காலக் கிறித்தவ ஞானியரையும் அருகருகே வைத்து, வேறுபாடு எங்கே உண்மையில் இருக்கிறதோ அங்கே மட்டும் அதைக் காட்டினார். அதனால்தான் அவர் நூல்கள் படிக்கக் கடினமானவை. அதனால்தான் அவை மங்காமலும் இருக்கின்றன.

இறுதி நாள்கள்

வாழ்வின் பிற்பகுதியில் அவர் ஆராய்ச்சியிலேயே ஆழ்ந்தார். 1927-இல் இந்திய, இந்தோனேசியக் கலை வரலாற்றையும், 1934-இல் கலையில் இயற்கை எவ்வாறு மாற்றுருவம் பெறுகிறது என்பது பற்றிய நூலையும் வெளியிட்டார். தோட்டத்தில் செடி வளர்ப்பதும் நூல்களோடு உறவாடுவதுமே அவர் பொழுதுபோக்கு. இந்தியா விடுதலை பெற்ற செய்தியைப் பாஸ்டன் அருகே நீதம் என்னும் ஊரில் இருந்து கேட்டு மகிழ்ந்தார். பணியிலிருந்து ஓய்வுபெற்று இந்தியாவுக்குத் திரும்பி எஞ்சிய நாள்களை இங்கேயே கழிக்க எண்ணியிருந்தார். 1947 ஆகஸ்ட் 22-இல் எழுபது வயது நிறைந்தது. அதற்குப் பதினெட்டு நாள் கழித்து, செப்டம்பர் 9-ஆம் நாள், அவர் மறைந்தார். விடுதலை பெற்ற மண்ணில் காலடி வைக்கும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை.

மாணவ நண்பர்களே! நம் மாவட்டத்தில் மட்டும் எத்தனை குடைவரைகள், எத்தனை நடுகற்கள், எத்தனை சமணப் படுக்கைகள்! அவற்றை வெளியூர் அறிஞர் வந்து எழுதினால்தான் நாம் பார்ப்போம் என்றிருப்பது தகாது. குமாரசுவாமிக்கு ஒரு கேமராவும் ஒரு குறிப்பேடும் நடந்து செல்லக் கால்களும் போதுமானவையாக இருந்தன. உங்கள் ஒவ்வொருவர் பையிலும் இன்று கேமரா இருக்கிறது. வேண்டுவது பொறுமை ஒன்றே. ஒளி சாயும்வரை காத்திருங்கள், மின்னொளியை அணையுங்கள், அவசரப்பட்டு எதையும் கருப்பென்றும் வெள்ளையென்றும் முடிவு கட்டாதீர்கள். படத்திற்கு மட்டுமன்று, மனிதரை மதிப்பிடவும் இந்தப் பயிற்சி உதவும். கலாயோகிக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி அதுவே.